திரும்ப உள்ளே போகும் தாள்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் பொதுவில் இருக்கும் எல்லா பிரிண்டர்களும் தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டுமாம். காகிதம், மரம், பூமி என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். எண்ணூர் சாலையில், பாமாயில் டாங்க்குகளுக்கும் சாம்பல் லாரிகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு பூமியைக் காப்பாற்றப் போகிறோம். செய்ய வேண்டியது சிஸ்டம்ஸ் பிரிவு. அதாவது நான் ஒருத்தி.

இதில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடித்து வீணான தாள்களை மகள் ரேச்சலுக்கு வரைய எடுத்துவருவேன். வீடு முழுக்க எங்கள் டெர்மினலின் எண்ணெய் இருப்புக் கணக்கு. அதன் முதுகில் யானை, கப்பல், மாதா. சொன்னதும் உதட்டைப் பிதுக்கினாள். அவள் அப்பா ஜேக்கப் சிரித்தார். "ரயில்வேல இன்னும் அந்த அறிவு வரல. நான் கொண்டாந்து தரேன்டி" என்றார்.

16 ஆகஸ்ட்

சர்வரில் ஒவ்வொரு பிரிண்டராக மாற்றிக்கொண்டு வந்தேன். யார்டு பிரிண்டர் வந்ததும் கை நின்றது. பம்ப், பைப், டாங்க் என்று வெளியில் வேலை செய்பவர்களுக்காகக் கண்ட்ரோல் ரூமில் வைத்திருப்பது அது. ஏன் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண்ணெய்க் கையோடு தாளைப் பிடிப்பவர்கள், பின்பக்க எழுத்து ஊறிப்போகுமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மேனேஜர் அலெக்ஸாண்டர் சாரிடம் கேட்டேன். "யார்டு பிரிண்டரும் வேணுமா சார்?"

"எல்லாம்னா எல்லாம்தான் ஹில்டா. ஒண்ணை விட்டா ரிப்போர்ட்ல சிவப்பா காட்டும்."

சேர்த்துவிட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

இன்று முதல் நடைமுறை. காலையிலேயே கணக்குப் பிரிவு டெபோரா ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பின்பக்கம் தலைகீழாக வந்திருந்தது. "இதைப் படிக்க நான் சிரசாசனம் பண்ணணுமா?" தாளை நீளவாக்கில் புரட்டுவதா, அகலவாக்கில் புரட்டுவதா என்ற அமைப்பு அந்த ஒன்றில் மட்டும் தவறியிருக்கிறது. சரிசெய்தேன். எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன்: இனி தாளைத் திருப்பிப் பார்க்கவும்.

அலுவலகத்தில் மெயில் இருக்கிற எல்லாருக்கும்.

22 ஆகஸ்ட்

காகிதப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு துரை மாடிக்கு வந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, வியாசர்பாடிக்காரர். சுத்தம் செய்வது, சுமப்பது, அடைப்பு எடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். புது நுழைவுச் சீட்டுக்காகப் பிரிண்டர் பக்கத்தில் காத்திருந்தார். தாள் முக்கால்வாசி வெளியே வந்து, நின்று, சரக்கென்று மறுபடி உள்ளே போனது. எடுக்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் இது? வெளிய வந்துட்டு திரும்ப உள்ள போவுது? நம்ம மூஞ்சிய பாத்து பயந்துகினு போவுதா?"

"இன்னொரு பக்கமும் அடிக்கணும்ல, அதுக்குத்தான்."

"அடப்பாவி. ஒருவாட்டி வந்துச்சுன்னா வந்துட்டதுன்னு இல்ல நெனச்சேன்."

சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அலெக்ஸாண்டர் சார் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

27 ஆகஸ்ட்

துரை இறந்துவிட்டார். கழிவுக் குழியில்.

28 ஆகஸ்ட்

எழுதினால் கொஞ்சம் இறங்குமா, பார்க்கலாம்.

டாங்க்குகளைக் கழுவும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்க யார்டின் கடைசியில் ஒரு ஆழமான குழி இருக்கிறது. சமையல் எண்ணெய்தானே என்று எல்லாரும் நினைப்போம். அது அழுகினால் விஷ வாயு. உள்ளே ஆள் இறங்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். பாதுகாப்பு அதிகாரி தன் அறையிலிருந்து கம்ப்யூட்டரில் அனுப்புவார், அது யார்டு பிரிண்டரில் வரும். முதல் பக்கத்தில் 'அனுமதி', இடம், ஆள் பெயர். நிபந்தனை ஏதாவது இருந்தால் மட்டும் இரண்டாம் பக்கம். இல்லாவிட்டால் ஒரே பக்கம்தான்.

இத்தனை வருடமாக யார்டில் இருந்த வழக்கம் இது: ஒரு தாள் வந்தால் இறங்கலாம். இரண்டு தாள் வந்தால் நின்று படிக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாது. நேற்றுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

நேற்று ஒரு தாள்தான் வந்திருக்கிறது. நிபந்தனை அதன் முதுகில் இருந்தது. வாயு சோதனை முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. பாதுகாப்பு அதிகாரி சோதனைக் கருவியோடு பக்கத்துக் கிடங்குக்குப் போயிருந்தார், மதியம் வந்து பார்ப்பதாக. ஷிஃப்ட் சூப்பர்வைசர் அசோகன் அண்ணன் அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழி ஓரத்துப் பலகையில் மாட்டினார். முதுகு பலகையைப் பார்த்தபடி. துரை இறங்கினார். ஏணியில் பாதிகூடப் போகவில்லையாம். சத்தமே இல்லையாம். அசோகன் அண்ணன் குப்புறப் படுத்துக் கையை நீட்டியிருக்கிறார். சட்டைக் காலர் கிடைத்திருக்கிறது. காலர் மட்டும்.

போலீஸ் அந்தத் தாளை உறையோடு எடுத்துப் போய்விட்டது. மேலே எல்லாரும் கேட்கிறார்கள், ஏன் திருப்பிப் பார்க்கவில்லை என்று.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒருவர்கூட.

30 ஆகஸ்ட்

அந்தச் சத்தம். அறையில் யாராவது பிரிண்ட் கொடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தாள் வருவது சரி. அது நிற்கிற அந்த ஒரு நொடிதான். பிறகு உள்ளே போகிற சரக்.

பயந்துகினு போவுதா?

1 செப்டம்பர், ஞாயிறு

பூசையில் பாட்டுத் தாள் கொடுத்தார்கள். வாங்கியதும் திருப்பினேன். வெறுமை. மறுபடி திருப்பினேன். பக்கத்தில் ஜேக்கப் என் கையை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீட்டிலும் இதே கதைதான். மாத்திரை அட்டை, மளிகை ரசீது, கவிழ்த்து வைத்த தட்டு எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறேன். ரேச்சல் வரைந்ததைக் காட்டினாள். திருப்பினேன். "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள். குழந்தைக்கும் பழகிவிட்டது.

3 செப்டம்பர்

யார்டு பிரிண்டர் தானாகப் பேப்பர் இழுக்கிறதாம். கண்ட்ரோல் ரூமில் யாரும் கிட்டே போவதில்லை. அனுமதிச் சீட்டெல்லாம் கையால் எழுதுகிறார்கள். போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நான்தானே போக வேண்டும்.

பிரிண்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழம், குங்குமம் வைத்து. யார் வைத்தது என்று கேட்கவில்லை. அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள் பாதியில் சிக்கியிருந்தது. முன்பக்கம் அடித்து முடித்து, மறுபக்கத்துக்காக இழுக்கும்போது நின்றிருக்கிறது. அது சிக்கினதால்தான் உருளை அவ்வப்போது சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்திருக்கிறது. தானாக இழுப்பதன் காரணம் அவ்வளவுதான். தெரிந்துவிட்டதே, பயம் போக வேண்டாமா?

மெதுவாக இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கிழிந்துவிட்டது. மேல்துண்டு மட்டும் கையில் வந்தது.

காலர் மட்டும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பம்ப் ஆபரேட்டர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழத்தை மறுபடி அதன் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

6 செப்டம்பர்

துரை வீட்டுக்கு டெபோராவும் நானும் போனோம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. புத்தர் படத்துக்குக் கீழே துரையின் படம். கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். தோளில் மனைவியின் விரல்கள் மட்டும் தெரிகின்றன. ராஜாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், கான்ட்ராக்டர் ஆளு வந்து சொல்லிட்டுப் போறான், உன் வூட்டுக்காரு குடிச்சிட்டு தானா எறங்கிட்டாருன்னு. அவரு குடிச்சி நான் பாத்ததே இல்ல. அங்க வந்து குடிக்க ஆரம்பிச்சாரா? நீங்க பாத்துகீறீங்களா?"

"இல்ல. குடிக்கலம்மா" என்றேன்.

"அப்ப ஏன் எறங்கினாரு?"

டெபோரா என்னைப் பார்த்தாள். நான் துரை படத்தைப் பார்த்தேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேன், ஆம்.

7 செப்டம்பர்

ஜேக்கப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொன்னா அவன் திரும்பி வந்துடுவானா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே விடை வேண்டும் என்பதுபோல.

11 செப்டம்பர்

அலெக்ஸாண்டர் சார் கூப்பிட்டார். அடுத்த வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை. கதவை மூடச் சொன்னார். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. அவரும் தூங்குவதில்லை போல.

"பிரிண்டர் மாற்றத்தைப் பத்திக் கேட்டா, யார்டுக்கும் வாய்மொழியா சொல்லியாச்சுன்னு சொல்லு. அசோகன் திருப்பிப் பார்க்கலை. அவ்வளவுதான் நடந்தது."

"சொல்லலையே சார். நான் யார்டுக்குப் போகவே இல்லையே."

"உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன் ஹில்டா. நீ மாத்தினது, நான் மாத்தச் சொன்னது. ரெண்டும் ஒரே தாள்தான். புரியுதா?"

புரிந்தது. அதோடு, எழுதவே கூசுகிறது, ஒரு நிம்மதி. இவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நிம்மதி. கதவைத் திறந்து வெளியே வரும்வரை அது இருந்தது.

13 செப்டம்பர்

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அசோகன் அண்ணன். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார், ஆனாலும் தினமும் வந்து கேட்டுக்கு எதிரே உட்காருகிறாராம். வீட்டில் இருக்க முடியவில்லையாம். பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் திருப்பிப் பாத்துருக்கணும் மேடம்" என்றார்.

"தடை இருந்தா எப்பவும் ரெண்டு தாளுதானே அண்ணே வரும்?"

"ஆமா. ஒரு தாளுதான் வந்துச்சு, சரி, இன்னிக்கி தடை ஒண்ணும் இல்லன்னு பூட்டேன். ஆனா திருப்பிப் பாத்துருக்கணும். திருப்ப எவ்ளோ நேரம் ஆவும்? இப்டி..." வெறும் கையை விரித்து, திருப்பிக் காட்டினார். மறுபடி திருப்பினார். "இவ்ளோதான மேடம்? இவ்ளோதான?"

டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அவர் கையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் தானே கொன்றதாக நம்பிவிட்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து நம்ப வைத்துவிட்டோம். நான் வாயைத் திறக்காமலே.

16 செப்டம்பர்

ஜேக்கப்பிடம் சொன்னேன்: "அவர் திரும்பி வரமாட்டார். அசோகன் அண்ணன் திரும்பி வரலாம்."

"வேல பூட்டா?"

"போகட்டும்."

"நாளைக்கி நான் லீவு போடறேன். கேட்டாண்ட நிக்கறேன்" என்றார்.

17 செப்டம்பர்

ஆய்வாளர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். எனக்கு இடப்பக்கம் அலெக்ஸாண்டர் சார்.

"யார்டில் இருக்கறவங்களுக்குத் தெரிவிச்சாச்சா?"

துரை நின்று சிரித்ததுதான் ஞாபகம் வந்தது, வேறு எதுவும் வரவில்லை.

"இல்லைங்க மேடம். நான்தான் மாத்தினேன். யார்டு பிரிண்டரையும் சேர்த்து. யார்டுல ஒருத்தருக்கும் சொல்லலை. அந்தச் சீட்டு எப்படி வரும், அங்க எப்படிப் படிப்பாங்கன்னு நான் போய்ப் பார்க்கலை. ஒரு தாள்னா தடையில்லைன்னுதான் அவங்க அர்த்தம் வச்சிருந்தாங்க. அதை நான் மாத்தினது எனக்கே தெரியாது."

"யாரும் மாத்தச் சொன்னாங்களா?"

"யார்டும் வேணுமான்னு கேட்டேன். எல்லாம்னா எல்லாம்னு சொன்னாங்க."

"யார்?"

சொன்னேன். அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. பிறகு ஆய்வாளர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்: "குழியைச் சுத்தம் பண்ண மெஷின் இருக்கறப்போ ஆளை எதுக்கு இறக்கினீங்க?" இத்தனை நாளில் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே. பிரிண்டர், தாள், முன்பக்கம், பின்பக்கம் என்றே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் ஏன் அதற்குள் இறங்க வேண்டியிருந்தது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது ஜேக்கப் கேட்டருகே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டார்.

20 செப்டம்பர்

ராஜாத்தியிடம் நானே போய்ச் சொன்னேன், தனியாக. வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால். எழுத்து பின்பக்கம் போனது, அதைச் செய்தது யார், அன்றைக்கு எனக்குத் தெரிந்தும் தலையாட்டியது எல்லாவற்றையும்.

முதலில் அவள் கேட்டது: "அப்ப குடிச்சிட்டு எறங்கல?"

"இல்ல. அனுமதி இருக்குன்னு நம்பித்தான் இறங்கினார். ஆய்வாளர்கிட்டயும் அதைச் சொல்லிட்டேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கீழே குழாயடியில் குடம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"நீங்க கெட்டவங்க இல்ல. வந்து சொல்லணும்னு ஒண்ணும் இல்ல, சொன்னீங்க. ஆனா உங்க மூஞ்சிய பாத்தா எனக்கு அந்தக் குழிதான் தெரியுது. இனிமே வூட்டாண்ட வராதீங்க."

சரி என்றேன். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

9 அக்டோபர்

யார்டு பிரிண்டர் ஒருபக்கத்துக்கு மாறிவிட்டது. எழுத்துப்பூர்வமாக உத்தரவு வந்து மாற்றினேன். அதற்கு முன் கண்ட்ரோல் ரூமில் எல்லாரையும் நிற்கவைத்து, ஒரு சீட்டை அடித்துக் காட்டி, விளக்கிச் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்தார்கள்.

எனக்கு எச்சரிக்கை மெமோ. அசோகன் அண்ணனை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அலெக்ஸாண்டர் சார் வேறு ஊருக்கு. போகும் முன் என் மேஜை அருகே ஒருநிமிடம் நின்றார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்குமா? கேட்க வேண்டும் என்று விரும்புகிறேனா, கேட்கக் கூடாது என்றா?

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அப்பாவுக்கு, மாமியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தேன். சுவர் ஓரமாக, யார் கல்லறையும் இல்லாத இடத்தில் அதை நட்டேன். துரை நம் மதம் இல்லை, அவர் இங்கே இல்லை, எல்லாம் தெரியும். காற்றில் அணைந்தது. ஜேக்கப் குனிந்து மறுபடி ஏற்றி, அணையாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

19 டிசம்பர்

குழிக்கு உறிஞ்சும் லாரி வந்தது. யாரும் கூப்பிடாமலே யார்டு முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. பாம்புபோல் குழாய் இறங்கி, இழுத்து, தீர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபம். அசோகன் அண்ணன் ஒருவர் மட்டும் அழுதார். யாரும் தேற்றவில்லை, தள்ளி நின்று அழவிட்டோம்.

11 பிப்ரவரி 2025

மதியம் ஒரு போன். தெரியாத நம்பர்.

"நான் ராஜாத்தி பேசறேன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"நாளைக்கி நஷ்டஈடு விஷயமா லேபர் ஆபீஸ்ல கூப்டுகீறாங்க. கான்ட்ராக்டர் வக்கீலு வந்து மறுபடி குடிச்சான்னு பேசப் போறானாம். எனக்கு அங்கெல்லாம் பேச வராது. நீங்க வந்து சொல்றீங்களா?"

"வர்றேன்."

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க."

"இல்லம்மா."

"காலைல சீக்கிரம் வந்துடுங்க. பஸ் கூட்டமா கீதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

12 பிப்ரவரி

வியாசர்பாடி நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். இஸ்திரி போட்ட நீலப் புடவை. பஸ்ஸில் ஏறியதும் முன்னால் ஒரு இடம், பின்னால் இரண்டு இடம் காலியாக இருந்தது. நான் நின்றேன். அவள் பின்னால் போய் ஜன்னலோரம் எனக்கு விட்டு உட்கார்ந்தாள்.

நானும் போய் உட்கார்ந்தேன். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது, "ஜன்னல மூடுங்க, தூசி அடிக்குது" என்றாள்.

மூடினேன்.